வட்டியை நாலு இடத்தில் கேளுங்கள், விண்ணப்பத்தை இரண்டு இடத்தில் போடுங்கள்
வீட்டுக் கடனும் நம்ம கடன் அறிக்கையும்: ஒரு பாடம்



வீடு வாங்கும் பேச்சு வந்தால் நம் குடும்பங்களில் இரண்டு அறிவுரை கேட்கலாம். ஒன்று, "நாலு பேங்க்ல கேட்டுப் பாரு, எங்கே வட்டி கம்மியோ அங்கே எடு." இன்னொன்று, "கண்ட இடத்துல அப்ளை பண்ணாதே, பேரு கெட்டுப் போயிடும், அப்புறம் ஒரு பேங்கும் கொடுக்காது." பெரும்பாலும் ஒரே மாமாதான் இரண்டையும் சொல்வார். அதுவும் ஒரே சாப்பாட்டு மேசையில்.

இரண்டில் எது சரி? இரண்டுமே பாதி சரி. முதல் அறிவுரையை மட்டும் கேட்டால் அவசரப்பட்டு ஏழெட்டு வங்கியில் கையெழுத்துப் போடுவோம். இரண்டாவதை மட்டும் கேட்டால் பயந்துபோய் முதல் வங்கி சொன்ன வட்டிக்கே தலையாட்டிவிடுவோம். முன்னதில் கடனே கிடைக்காமல் போகலாம். பின்னதில் 35 வருடத்துக்குத் தேவையில்லாத பணம் கட்ட வேண்டி வரும். ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிடித்துக்கொள்வோம்: விலை விசாரிப்பது வேறு, விண்ணப்பம் போடுவது வேறு. முதலாவது உங்கள் அறிக்கையில் எந்தத் தடத்தையும் விடாது. இரண்டாவது விடும்.

1. ஏன் ஒப்பிட வேண்டும்?

கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 300,000 ரிங்கிட் வீடு. 10 விழுக்காடு முன்பணம் நம் கையிலிருந்து. மீதி 270,000 ரிங்கிட் கடன், 35 ஆண்டு, அதாவது 420 மாதம். (2013 முதல் நம் நாட்டில் வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டுதான் உச்சவரம்பு.)

ஒரு வங்கி 4.0 விழுக்காடு என்கிறது. மாதத் தவணை ஏறக்குறைய 1,195 ரிங்கிட்.

இன்னொரு வங்கி 4.3 விழுக்காடு என்கிறது. மாதத் தவணை ஏறக்குறைய 1,245 ரிங்கிட்.

வித்தியாசம் மாதம் 49 ரிங்கிட் சொச்சம். "இவ்வளவுதானா, ரெண்டு தடவை வெளியே சாப்பிட்டா போச்சு" என்று தோன்றும். ஆனால் 420 மாதத்தால் பெருக்கிப் பாருங்க. 20,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. வட்டி அப்படியே இருக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வட்டி ஏறி இறங்கினாலும் இரண்டு வங்கிக்கும் இடையே உள்ள அந்த 0.3 பெரும்பாலும் கூடவே வரும்.

அது ஏன் கூடவே வரும்? 2022 ஆகஸ்ட் முதல் புதிய வீட்டுக் கடன்களுக்கு எல்லா வங்கியும் ஒரே அடிப்படை விகிதத்தைத்தான் பயன்படுத்துகின்றன. அதற்கு எஸ்பிஆர் என்று பெயர். பேங்க் நெகாராவின் ஓபிஆர் எவ்வளவோ அதுதான் எஸ்பிஆர். 2025 ஜூலையில் ஓபிஆர் 3.00 இலிருந்து 2.75 ஆக இறங்கியபோது எஸ்பிஆரும் கூடவே இறங்கியது. இதன்மேல் ஒவ்வொரு வங்கியும் தன் பங்குக்கு ஒரு அளவைக் கூட்டும். மேலே சொன்ன 4.0 என்பது 2.75 உடன் 1.25. 4.3 என்பது 2.75 உடன் 1.55. அடிப்படை எல்லாருக்கும் ஒன்று என்பதால், நாம் ஒப்பிட வேண்டியது இந்தக் கூட்டலைத்தான். "எஸ்பிஆர் பிளஸ் எவ்வளவு?" இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஆக ஒப்பிடுவது கஞ்சத்தனம் கிடையாது. வருங்காலத்தில் நம்ம சம்பளத்துக்கு நாமே செய்துகொள்ளும் மரியாதை.

2. நம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பவர்கள்

"பேரு கெட்டுப் போயிடும்" என்கிறார்களே, அந்தப் பேர் எங்கே எழுதியிருக்கிறது? இரண்டு இடங்களை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது சிசிரிஸ். இது பேங்க் நெகாராவின் கடன் பிரிவு நடத்தும் பதிவேடு. வங்கிகள் நம் கடன் விவரங்களை இதற்கு அனுப்புகின்றன. வீட்டுக் கடன், காடிக் கடன், கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் எல்லாம் இதில் தெரியும். நம்மில் பலருக்கு இருக்கும் பிடிபிடிஎன் கல்விக் கடனும் தெரியும். கடந்த 12 மாதம் ஒவ்வொரு மாதமும் ஒழுங்காகக் கட்டினோமா என்பது ஓர் எண்ணாக நிற்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு தவணை பாக்கி, 2 என்றால் இரண்டு தவணை. வரிசையாக 12 பூஜ்யம் வாங்குவதுதான் இங்கே நல்ல மார்க். வேறு எந்தப் பரீட்சையிலும் பூஜ்யத்துக்கு இந்த மரியாதை கிடையாது.

ஒன்றைக் கவனியுங்க. சிசிரிஸில் மதிப்பெண் கிடையாது. "பிளாக்லிஸ்ட்" என்று ஒரு பட்டியலும் அங்கே இல்லை. "பேங்க் நெகாரா என் பேரை பிளாக்லிஸ்ட் பண்ணிடுச்சு" என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. பேங்க் நெகாரா விவரத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அந்தந்த வங்கி.

இரண்டாவது, தனியார் நிறுவனங்கள். அதில் நமக்கு அதிகம் பழக்கமான பெயர் சிடோஸ். இவை 2010ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சிடோஸ் 300 முதல் 850 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண்ணில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்போம்:

கடனைக் கட்டிய ஒழுங்கு: 45 விழுக்காடு
எவ்வளவு கடன் பாக்கி இருக்கிறது: 20 விழுக்காடு
என்னென்ன வகைக் கடன்கள்: 14 விழுக்காடு
புதிய கடன், அதற்கான விண்ணப்பங்கள்: 14 விழுக்காடு
எத்தனை காலமாகக் கடன் வரலாறு இருக்கிறது: 7 விழுக்காடு

நாம் இன்று பேசும் விஷயம் நான்காவது வரியில் இருக்கிறது. அது 14 தான். முதல் வரி 45. அதாவது, காடித் தவணையை மாதக்கணக்கில் தள்ளிப் போட்டவர் ஒரே ஒரு வங்கியில் மட்டும் விண்ணப்பித்தாலும் பெரிய பலன் இல்லை. ஒழுங்காகக் கட்டியவர் மூன்று வங்கியில் விண்ணப்பித்தாலும் குடி முழுகிப் போகாது. பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3. கையெழுத்து விழுந்த பிறகு என்ன நடக்கிறது?

மின்னியல் படிக்கும் நண்பர்களுக்கு இது சட்டெனப் புரியும். நல்ல வோல்ட்மீட்டரை வைத்து அளந்தால் சர்க்கியூட்டில் ஒன்றும் மாறாது. உள்தடை குறைந்த மட்டமான மீட்டரை வைத்தால், அது தானும் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். அளக்கப் போன அளவே இறங்கிவிடும். கடன் விசாரிப்பதிலும் இப்படி இரண்டு வகை உண்டு.

சர்க்கியூட்டைத் தொடாத வகை எது? வங்கியின் இணையத்தளத்தில் தவணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. வங்கி அதிகாரிக்கு போன் போட்டு "என் சம்பளம் இவ்வளவு, வீடு இவ்வளவு, என்ன வட்டி கொடுப்பீங்க?" என்று கேட்பது. நம் சொந்த அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பது. இவற்றால் எந்தப் பாதிப்பும் இல்லை. சொந்த அறிக்கையைப் பார்த்தாலே மார்க் குறையும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குறையாது, தைரியமாகப் பாருங்க.

தடம் விடுகிற வகை எது? விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அறிக்கையை எடுத்துப் பார்க்க ஒப்புதல் கொடுத்து, வங்கி அதைத் தன் கணினிக்குள் ஏற்றுவது. அந்த நொடியிலிருந்து சிசிரிஸ் அறிக்கையில் ஒரு வரி கூடுகிறது. அறிக்கையின் சுருக்கப் பகுதியிலேயே இரண்டு விவரம் இருக்கும்: கடந்த 12 மாதத்தில் ஒப்புதல் கிடைத்த விண்ணப்பங்கள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு, முடிவுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கிள்ளானில் வேலை செய்யும் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே 270,000 ரிங்கிட் கடனுக்கு ஐந்து வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்கிறார். அவர் மனத்தில் இருப்பது ஒரு வீடு. அறிக்கையில் இருப்பதோ ஐந்து விண்ணப்பம், 1,350,000 ரிங்கிட். ஆறாவது வங்கியின் அதிகாரி அதைத் திறந்து பார்க்கிறார். அனுபவசாலி என்றால், "ஒரே தொகை, ஒரே வாரம், ஒரே வீடாத்தான் இருக்கும்" என்று புரிந்துகொள்வார். இல்லாவிட்டால், "இந்தப் பொண்ணுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? மத்த அஞ்சு பேங்கும் ஏன் இன்னும் முடிவு சொல்லலை?" என்று யோசிப்பார். அக்காவுக்கு யாரிடமும் விளக்கம் சொல்லும் வாய்ப்பே கிடைக்காது. அதிகாரி பார்ப்பது தாளைத்தான், ஆளை இல்லை.

இன்னொன்று. ஒரு வங்கி ஒப்புதல் கொடுத்து, அக்கா அதை வேண்டாம் என்று விட்டுவிட்டாலும், முறைப்படி ரத்து செய்யும் வரை அது ஒப்புதல் கிடைத்த கடனாகவே தெரியலாம். அடுத்த வங்கி அதையும் அவர் தலையில் ஏறப்போகும் சுமையாகக் கருத இடம் உண்டு.

4. யூடியூப்பில் சொல்வது இங்கே பொருந்துமா?

நம் வயதுக்காரர்கள் பணம் பற்றிய விஷயங்களைப் பெரும்பாலும் அமெரிக்கக் காணொலிகளில்தான் கற்றுக்கொள்கிறோம். அவற்றில் ஒரு விதியை அடிக்கடி சொல்வார்கள்: "45 நாளுக்குள் எத்தனை வங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் ஒரே விசாரணையாகத்தான் எண்ணப்படும், கவலைப்படாதே." இது பொய் இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ மதிப்பெண்ணின் புதிய வடிவங்களில் அப்படித்தான். பழைய வடிவங்களில் அது 14 நாள். அங்கே வீட்டுக் கடன் விசாரணைகள் முதல் 30 நாளுக்குக் கணக்கிலேயே சேர்வதில்லை. ஒரே ஒரு விசாரணையால் குறைவதும் பெரும்பாலோருக்கு ஐந்து புள்ளிக்கும் கீழேதான். மக்கள் வட்டியை ஒப்பிடப் பயப்படக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஆனால் அந்த விதி ஃபைகோவுக்காக எழுதப்பட்டது. நம் சிசிரிஸ் மதிப்பெண் போடும் இயந்திரம் இல்லை. அது ஒரு பதிவேடு. அங்கே "ஒரே வீட்டுக்கான ஐந்து விண்ணப்பத்தை ஒன்றாக எண்ணு" என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனி வரியாகத்தான் நிற்கும். அமெரிக்க விதியை நம்பி ஈப்போவில் ஏழு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், அந்த 45 நாள் வந்து காப்பாற்றாது.

அந்த விதிக்குப் பின்னால் இருக்கும் யோசனை மட்டும் இங்கேயும் உதவும்: விண்ணப்பிப்பதாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே காலகட்டத்தில் செய்து முடித்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் விழுந்த மூன்று விண்ணப்பம், ஒருவர் வீடு வாங்குவதைக் காட்டும். ஆறு மாதத்துக்கு மாதம் ஒன்றாக விழுந்த விண்ணப்பங்கள், ஒருவர் பணத்துக்கு அலைவதைக் காட்டும்.

5. வங்கி முதலில் பார்க்கும் எண்

விண்ணப்ப எண்ணிக்கையை விட வங்கி கூர்ந்து பார்ப்பது டிஎஸ்ஆர். மாதம் கட்ட வேண்டிய எல்லாக் கடன் தவணையையும் கூட்டி, கையில் வரும் சம்பளத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வரும் விழுக்காடு அது. கையில் வரும் சம்பளம் என்றால் ஈபிஎஃப், சொக்சோ, வரி எல்லாம் போக மீதி.

அந்த அக்காவின் கணக்கையே போடுவோம். கையில் வருவது 3,800 ரிங்கிட்.

காடித் தவணை: 620
பிடிபிடிஎன்: 150
கிரெடிட் கார்டில் 3,000 பாக்கி. அதில் 5 விழுக்காட்டை மாதச் சுமையாக எடுத்துக்கொள்வார்கள்: 150
வரப்போகும் வீட்டுத் தவணை: 1,195
மொத்தம்: 2,115

2,115ஐ 3,800ஆல் வகுத்தால் ஏறக்குறைய 56 விழுக்காடு. எவ்வளவு வரை ஏற்றுக்கொள்வார்கள் என்பது வங்கிக்கு வங்கி, சம்பளத்துக்குச் சம்பளம் மாறும். அதனால்தான் ஒரு வங்கி "முடியாது" என்ற ஆளுக்கு இன்னொரு வங்கி "வாங்க" என்கிறது.

இதே அக்கா, வீட்டுக் கடனுக்கு முந்தின மாதம் தங்கச்சி கல்யாணத்துக்காக ஒரு தனிநபர் கடன் எடுத்தார், தவணை 500 என்று வையுங்கள். மொத்தம் 2,615. விழுக்காடு 69க்கு ஏறிவிட்டது. மூன்று வங்கியில் விண்ணப்பித்ததால் வரும் பாதிப்பை விட இது பல மடங்கு பெரிது. ஆகவே வீடு வாங்கப் போகும் வருடத்தில் புதிய காடி, புதிய கார்டு, புதிய தனிநபர் கடன் எதையும் தொடாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. ஷாப்பிங் மாலில் "சும்மா ஒரு ஃபார்ம் நிரப்புங்க, டிராவல் பேக் ஃப்ரீ" என்பார்களே, அதுவும் ஒரு கடன் விண்ணப்பம்தான். பை இலவசம், அறிக்கையில் விழும் வரி இலவசம் இல்லை.

அப்பாவோடு, அண்ணனோடு சேர்ந்து கூட்டுப் பெயரில் எடுத்த கடனும் நம் அறிக்கையில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். "அது அண்ணன் கட்டுற காடிதானே" என்பது வீட்டில் செல்லும், வங்கியில் செல்லாது. அவர் ஒரு மாதம் தவறினால் 1 என்ற எண் உங்கள் தாளிலும் விழும்.

6. செய்ய வேண்டியவை, வரிசைப்படி

ஒன்று. வீடு தேடத் தொடங்குவதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே உங்கள் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் இணையச் சேவையில் இது இலவசம். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகத் தெரிந்தால், அந்த வங்கியிடம் போய்த் திருத்தச் சொல்ல நேரம் இருக்கும். பதிவேட்டை வைத்திருப்பது பேங்க் நெகாராவாக இருந்தாலும், விவரத்தை அனுப்பிய வங்கிதான் அதைத் திருத்த வேண்டும்.

இரண்டு. சிறு பாக்கிகளை முடியுங்கள். மேலே சொன்ன அக்கா 3,000 ரிங்கிட் கார்டு பாக்கியை அடைத்தாலே மாதச் சுமையில் 150 குறைகிறது. டிஎஸ்ஆர் 56 இலிருந்து 52க்கு வந்துவிடும்.

மூன்று. இப்போது நாலைந்து வங்கியில் வாயால் விசாரியுங்கள். கேட்க வேண்டியவை இவை: எஸ்பிஆர் பிளஸ் எவ்வளவு? கடனை முன்கூட்டியே அடைத்தால் எத்தனை வருடம் வரை அபராதம்? கூடுதலாகக் கட்டும் பணத்தைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்க முடியுமா? கடன் காப்புறுதி கட்டாயமா, அதன் தொகையைக் கடனோடு சேர்ப்பார்களா? பழைய வீடு என்றால், அந்த வீட்டுக்கு உங்கள் மதிப்பீட்டாளர் எவ்வளவு மதிப்புச் சொல்கிறார்? கடைசிக் கேள்வி முக்கியம். வீட்டின் விலை 300,000 ஆக இருந்து வங்கி 280,000 தான் பெறும் என்றால், 90 விழுக்காடு 280,000க்குத்தான் கிடைக்கும். மீதியை நாம்தான் தேட வேண்டும். இந்த மதிப்பு வீட்டைப் பற்றியது, உங்களைப் பற்றியது கிடையாது. அதனால் உங்கள் அறிக்கையைத் திறக்காமலேயே இதைச் சொல்ல முடியும்.

நான்கு. விசாரிக்கும்போது சம்பளத் தொகையைச் சொன்னால் போதும். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, கையெழுத்துப் போட்ட படிவம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். "இப்போதைக்கு விசாரிக்கிறேன், இன்னும் சிஸ்டத்துல போடாதீங்க" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டு ஏஜெண்ட் "என்கிட்ட கொடுங்க, நானே எல்லா பேங்குக்கும் அனுப்பிடுறேன்" என்றால், எந்தெந்த வங்கி என்று முதலில் பெயர் கேளுங்கள். ஏஜெண்டைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒரு வங்கி ஒப்புக்கொண்டால் அவர் வேலை முடிந்தது. 35 வருடம் கட்டப் போவது நீங்கள்.

ஐந்து. பட்டியலை இரண்டாக, அதிகம் போனால் மூன்றாகச் சுருக்கி, ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஏன் ஒன்று போதாது? ஒரு வங்கி மறுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அதோடு, கையில் இரண்டு ஒப்புதல் இருந்தால், "அந்த பேங்க் 1.25 கொடுக்குது, நீங்க எவ்வளவு குறைப்பீங்க?" என்று பேரம் பேச முடியும். ஏன் ஆறு வேண்டாம் என்பதை மேலேயே பார்த்துவிட்டோம்.

ஆறு. ஒன்றைத் தேர்ந்ததும் மற்றதை எழுத்து மூலம் ரத்து செய்யச் சொல்லுங்கள். கடன் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால், வங்கிக் கட்டணமோ வழக்கறிஞர் கட்டணமோ கட்ட நேரலாம். ஆகவே முடிவெடுத்த பிறகு கையெழுத்து, கையெழுத்துப் போட்ட பிறகு முடிவு வேண்டாம்.

7. நேரத்தின் விலை

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், பழைய வீடு வாங்கும்போது கடிகாரம் வேகமாக ஓடும். வீடு பிடித்ததும் விலையில் 2 அல்லது 3 விழுக்காடு முதல் தொகை கொடுப்போம். வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் எஸ் அண்ட் பி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, 10 விழுக்காட்டை நிறைவு செய்ய வேண்டும். 300,000 ரிங்கிட் வீட்டுக்கு அது 30,000 ரிங்கிட். எத்தனையோ குடும்பங்களில் அது அம்மாவின் கூட்டுப் பணமும் அப்பாவின் ஈபிஎஃப்பும் சேர்ந்த தொகை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு கடன் கிடைக்காமல் போனால், அந்த 10 விழுக்காட்டை இழக்க நேரலாம். வாங்குபவர் எதற்காக நின்றுபோனார் என்பது விற்பவருக்குத் தேவையில்லாத கதை. இரண்டு வாரம்தான் இருக்கிறது என்ற பதற்றத்தில்தான் மக்கள் ஏழெட்டு வங்கியில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பதற்றத்துக்கு மருந்து, விசாரிக்கும் வேலையை முதல் தொகை கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவது. கூடவே, "கடன் கிடைக்காவிட்டால் முதல் தொகை திருப்பித் தரப்படும்" என்ற வரியை வாங்கும் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது. எழுதித் தர மறுத்தால் யோசியுங்கள். வேறு வீடு கிடைக்கும்.

8. இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நமக்கு

"வீடு வாங்க இன்னும் பத்து வருஷம் இருக்கு, இதெல்லாம் இப்போ எதுக்கு?" என்று கேட்கலாம். கடன் வரலாறு என்பது மரம் மாதிரி, தேவைப்படும் அன்று நட்டால் நிழல் கிடைக்காது. கடனே எடுக்காதவருக்கு அறிக்கை வெறுமையாக இருக்கும். வெறுமையான தாளைப் பார்த்தால் வங்கிக்கு நம்பிக்கையும் வராது, பயமும் வராது. ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்காகக் கடன் தேடி ஓட வேண்டியதில்லை. நம்மில் பலர் பிடிபிடிஎன் எடுத்திருக்கிறோம். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் அதை மாதம் தவறாமல் கட்டுவதே போதுமான தொடக்கம். அதைக் கட்டாமல் விட்டால், "அரசாங்கக் கடன்தானே" என்ற அலட்சியம் பத்து வருடம் கழித்து வீட்டுக் கடன் மேசையில் வந்து உட்காரும். ஏற்கனவே தவணை கட்டத் திணறுகிற அண்ணன் அக்கா வீட்டில் இருந்தால், ஏகேபிகேயிடம் போகச் சொல்லுங்கள். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வட்டிக்காரனிடம் போவதற்கு முன் அங்கே போவது குடும்பத்தைக் காப்பாற்றும்.

கிளைக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. ஒருவருக்குக் கையில் வரும் சம்பளம் 3,200 ரிங்கிட். காடித் தவணை 480, பிடிபிடிஎன் 120, கார்டில் பாக்கி 2,000, வரப்போகும் வீட்டுத் தவணை 1,000. டிஎஸ்ஆர் எவ்வளவு? இதோடு மாதம் 250 ரிங்கிட் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிளும் வாங்கினால் எவ்வளவு? (விடை: ஏறக்குறைய 53 விழுக்காடு, ஏறக்குறைய 61 விழுக்காடு.)

2. ஓர் ஏஜெண்ட் உங்கள் சம்பளச் சீட்டையும் கையெழுத்தையும் கேட்கிறார், "சும்மா செக் பண்ணத்தான்" என்கிறார். அவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.

3. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் வங்கி அதிகாரியாகவும் மற்றவர் வீடு வாங்குபவராகவும் பேசிப் பாருங்கள். வாங்குபவர் கையெழுத்துப் போடாமல் ஐந்து கேள்விக்கும் பதில் வாங்கிவிட வேண்டும். நமக்குக் கூச்சம்தான் முதல் எதிரி, அதைக் கூட்டத்திலேயே பழக்கப்படுத்திக்கொள்வோம்.

4. அடுத்த கூட்டத்துக்குள், வேலை செய்யும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். 12 பூஜ்யம் இருக்கிறதா என்று நீங்கள் எண்ணிப் பார்த்தால் போதும்.